அக்கா தங்கச்சி மாவு

விளம்பரம் செய்யக் காசு வேண்டாம், தைரியம்தான் வேண்டும் என்று அந்த வகுப்பில் சொன்னார்கள். மகளிர் குழுவில் இருக்கிறவர்களுக்காகத் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் நடந்த இலவச வகுப்பு அது. கல்யாணராமன் என்று ஒருவர் பாடம் எடுத்தார். மத்தியானம் எலுமிச்சை சாதம் போட்டார்கள். அவர் சொன்னதில் தைரியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

என் பெயர் முத்துமீனா. மதுரை பழங்காநத்தத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இந்த வாக்கியத்திலேயே பாதி பொய் இருக்கிறது. அரைத்தது எங்கள் அக்கா பாண்டிச்செல்வி. நான் விற்றேன், அவ்வளவுதான். பில்லில் என் பெயர், பேங்கில் என் பெயர், வகுப்புக்குப் போனதும் நான். மாவில் கை வைத்தது அவள்.

எங்கள் ஊர் மேலூருக்கு அந்தப் பக்கம். அக்கா வீட்டுக்காரர் கல் குவாரி லாரியில் அடிபட்டுச் செத்தபோது அக்காவுக்கு முப்பத்தாறு வயது. மகள் பவதாரிணி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தாள், இப்போது நர்ஸிங். அக்கா தினமும் காலையில் பஸ் ஏறி மாட்டுத்தாவணிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பழங்காநத்தத்தில் இறங்குவாள். பத்து மணிக்கு கிரைண்டர் ஓடும். ஐந்து வருஷத்தில் அவள் வராத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உளுந்து ஊறிய தண்ணீரையே ஊற்றி அரைப்பாள். மாவை வழித்ததும் முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவாள். உப்பை எப்போது போட வேண்டும் என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். கரண்டியைக் கிட்டேயே விட மாட்டாள். அவள் கலக்கிய மாவு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருந்தாலும் புளிக்காது. நான் கலக்கினால் சாயங்காலமே பொங்கிப் பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்கும். எனக்குச் சூட்டுக் கை என்று வீட்டில் சொல்வார்கள். கை மட்டுமா என்று என் வீட்டுக்காரர் பீமாராவ் கூடவே சேர்த்துக்கொள்வார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வாய்க்கும் பிரேக் கிடையாது.

பாக்கெட்டில் ‘அக்கா தங்கச்சி மாவு’ என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். பெயர் அக்கா வைத்தது. கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்யாமளா மாமி வீட்டு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். மாமி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கார் இல்லை, ஷெட் மட்டும் இருந்தது. மாமா இருந்தபோது வாங்க நினைத்த காருக்காகக் கட்டியது என்பார்.

அந்த வகுப்புக்கு முன்னாலேயே நானாகச் சில விளம்பரங்கள் செய்து பார்த்திருந்தேன். எல்லாம் என் புத்திசாலித்தனம். ஆயிரம் நோட்டீஸ் அடித்து, பேப்பருக்குள் வைத்துப் போடச் சொல்லிப் பேப்பர்காரரிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து முக்குக் கடையில் பஜ்ஜி வாங்கினால், எங்கள் நோட்டீஸில் வைத்துத்தான் கொடுத்தார்கள். சண்டைக்குக் கிளம்பிய என்னை அக்காதான் பிடித்து நிறுத்தினாள். பஜ்ஜி தின்கிறவனும் இட்லி தின்பான்தானே, விடு என்றாள். அடுத்து ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினேன். ஒரே வாரத்தில் காணோம். பிறகு பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் மழைக்கு மறைப்பாகக் கிடந்தது. பீமாராவ் ஆட்டோவின் பின்னால் பெரிய ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்த மாதம் பார்த்து மனுஷனுக்குக் கறிக்கடைக் கோழிக்கழிவு ஏற்றுகிற வேலைதான் கிடைத்தது. ஊரெல்லாம் நாறிக்கொண்டே எங்கள் மாவு சுற்றியது. நானே பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தேன்.

அப்படி எல்லாம் பட்ட பிறகுதான் வகுப்புக்குப் போனேன். கல்யாணராமன் சார் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று தொழிலைச் சொல்லச் சொன்னார். நான் மாவு என்றதும் கேட்டார்:

“மாவு எல்லாத் தெருவுலயும் கிடைக்குதும்மா. உங்க மாவை எதுக்கு வாங்கணும்?”

எங்கள் அக்கா கைப்பக்குவம் என்றேன்.

“அப்ப அந்தக் கையைக் காட்டுங்க. முகத்தைக் காட்டுங்க, பேரைச் சொல்லச் சொல்லுங்க, ஊரைச் சொல்லச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வீடியோ. உங்க போன்லயே எடுக்கலாம், வாட்ஸ்அப்ல போடலாம். ஒத்தப் பைசா செலவில்ல.”

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். நாளைக்கு நல்ல சேலை கட்டி வா, உன்னை வீடியோ எடுக்கப் போகிறேன் என்றேன். என்னையா, என்னையா என்று மூன்று முறை கேட்டாள்.

மறுநாள் நீலச் சுங்குடிச் சேலையில் வந்தாள். தலையில் கனகாம்பரம். முகத்துக்குப் பவுடர் கொஞ்சம் கூடுதல்தான், நான் முந்தானையால் ஒத்தி எடுத்தேன். அவள் கிரைண்டர் பக்கத்தில் நின்றாள். நான் போனைப் பிடித்தேன். முதல் தடவை பேரைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். இரண்டாம் தடவையும் சிரித்தாள். மூன்றாம் தடவை கையை மாவில் விட்டுக் கலக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். கை வேலையில் இருந்ததும் பேச்சு தானாக வந்துவிட்டது. தன் பேரைச் சொன்னாள், என் பேரைச் சொன்னாள், உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சொன்னாள். மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். காலனித் தெரு என்றும் சொன்னாள். அவள் இருக்கிற தெரு அதுதானே, அதைத்தானே சொல்வாள்.

அதைச் சொன்னதும் நான் போனைத் தாழ்த்தி நிறுத்திவிட்டேன்.

அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒன்று நடந்திருந்தது. பக்கத்து அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் ஒரு அம்மா வாரத்துக்கு நான்கு பாக்கெட் வாங்குவார். ஒருநாள் எந்த ஊர் என்றார். மேலூர் பக்கம் என்றேன். மேலூரில் எங்கே, ஊருக்குள்ளா, வெளியிலா என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன். அடுத்த வாரம் மாவு வேண்டாம், வீட்டில் சுகர், கோதுமைக்கு மாறிவிட்டோம் என்று மெசேஜ் வந்தது. சுகர் நிஜமாகவும் இருக்கலாம். நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று இருந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து யார் ஊர் கேட்டாலும் ‘மதுரைதாங்க’ என்று சொல்லப் பழகிவிட்டேன்.

வீடியோவை முடித்ததும் அக்கா கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தாள். எங்கே காட்டு, காட்டு என்றாள். இப்போது வேண்டாம், எடிட் பண்ணிவிட்டுக் காட்டுகிறேன் என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். எடிட் என்றால் என்ன என்றுகூட அவளுக்குத் தெரியாது. பெரிய வேலை போலிருக்கிறது என்று நினைத்து அடங்கிவிட்டாள்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பதெல்லாம் இப்போது சொல்கிற மரியாதையான வார்த்தை. பயந்தேன். மூன்றாம் நாள் மாடி ஏறிப் போய் ஸ்யாமளா மாமியிடம், நீங்கள் ஒரு நிமிஷம் வந்து எங்கள் மாவைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டேன். மாமி நெற்றியைச் சுருக்கினார்.

“பாண்டிச்செல்வி பேசட்டுமேடி. அவதானே அரைக்கறா?”

“அக்கா ரொம்பக் கூச்சப்படுறா மாமி.”

பவுடர் போட்டுக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தவளைத்தான் கூச்சப்படுகிறாள் என்று சொன்னேன். நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. மாமி நம்பினார்.

மாமி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். முப்பது வருஷம் கிளாஸ் எடுத்தவர், ஒரே தடவையில் பேசி முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் தினமும் இந்த மாவில்தான் இட்லி வார்க்கிறேன் என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் நின்ற இடமும் நான் எடுத்த விதமும்தான் பொய். கிரைண்டர் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். பார்க்கிறவர்கள் மாமிதான் அரைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நிற்கச் சொன்னேன்.

சுத்தத்தைக் காட்டுங்கள், அதுவும் விளம்பரம்தான் என்று கல்யாணராமன் சார் சொல்லியிருந்தார். எனவே அக்காவிடம் மாப்பைக் கொடுத்து, மாமி பேசும்போது பின்னால் தரையைத் துடைத்துக்கொண்டிரு என்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வயல் வேலைக்கு எங்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அடுத்தவர் வீட்டில் கூட்டவும் துடைக்கவும் மட்டும் எங்கள் வீட்டுப் பொம்பளை எவளும் போகக் கூடாது என்பது எங்கள் அம்மா போட்ட சட்டம். அம்மாவின் அம்மா காலத்தில் அந்த வேலைக்குப் போய்ப் பட்டதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். பெரிய வீட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோதும் அம்மா போகவில்லை. அதற்காக அந்த வருஷம் எங்களுக்கு நடவு வேலையே கிடைக்காமல் செய்தார்கள். அப்போதும் போகவில்லை. இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அக்கா யோசிக்காமல் வாங்கினாள், ஏனென்றால் அது எங்கள் கடைத் தரை.

“நானும் இதுல வாரேனா?” என்று சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டே கேட்டாள்.

“ஓரமா வருவக்கா. உன்னுது தனியா வரும்.”

இரண்டு வீடியோவில் வரப் போகிற சந்தோஷத்தில் மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அபார்ட்மெண்ட் குரூப்பில் போட்டேன். அங்கிருந்து வேறு குரூப், அங்கிருந்து வேறு. எல்லீஸ் நகர், டிவிஎஸ் நகர், ஜெய்ஹிந்துபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ போன் வந்தது. இன்னொரு கிரைண்டர் வாங்கினோம். பீமாராவ் கோழிக்கழிவை விட்டுவிட்டு எங்கள் மாவையே காலையும் மாலையும் கொண்டுபோய்ப் போட்டார். போனை எடுத்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள், மாமி மாவு இருக்கா என்று. ஜனங்கள் வைத்த பெயரை மாற்ற நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ‘மாமி மாவு’ என்று புது ஸ்டிக்கர் அடித்தேன். மாமியிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள் என்று பிறகு சொன்னேன், அவர் சிரித்தார்.

ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை அக்காவுடையது. அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். புது ரோலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுல நம்ம பேரு இல்லையே முத்து.”

இது வியாபாரத்துக்குக்கா, மனசுல நம்ம பேருதான் என்றேன். சத்தியமாக இப்படித்தான் சொன்னேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. அக்கா தலையை ஆட்டிவிட்டு ஒட்ட ஆரம்பித்தாள். அன்றைக்கு இருநூறு பாக்கெட்.

ஆனால் தன் வீடியோவை மட்டும் அவள் விடவில்லை. திங்கட்கிழமையானால் கேட்பாள், என்னுது எப்போது போடுவாய் என்று. ஒரு வாரம் ஆடி என்றேன். ஒரு வாரம் நெட் சரியில்லை என்றேன். ஒரு வாரம் கல்யாணராமன் சாரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்றேன். ஒவ்வொன்றையும் நம்பினாள். ஊரில் எல்லோரிடமும், தங்கச்சியும் தானும் மதுரையில் கம்பெனி வைத்திருப்பதாகவும், தான் பேசுவது போனில் வரப் போகிறது என்றும் சொல்லி வைத்திருந்தாள். பவதாரிணி ஹாஸ்டலில் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். கம்பெனி என்று அவள் சொன்னதில் தப்பே இல்லை. அது அவள் கம்பெனிதான்.

ஆவணியில் எங்கள் சோலை சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. மாவு ஆர்டர் நிறைய, நான் போகவில்லை. பீமாராவ் போனார். போன மனுஷன் சாயங்காலம் திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். என்ன என்று நான் நான்கு தடவை அதட்டிய பிறகுதான் சொன்னார்.

நம் பொண்டாட்டி கடை வீடியோ என்று பெருமையாக அவர்தான் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கா பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, உறவில் ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாளாம், கம்பெனி வச்சிருக்கேன்னியே பாண்டி, ஐயர் வீட்டுல தரை துடைக்கிறதுக்குப் பேருதான் கம்பெனியா என்று. இலையில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினாளாம். மாமி நின்று பேசுகிறார், பின்னால் எங்கள் அக்கா குனிந்து துடைக்கிறாள். யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். பவதாரிணியும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தாள். போன் அவள் கைக்கும் போனது. சோலை சித்தப்பா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க ஆத்தா இருந்தா இதைப் பார்த்துக்கிட்டு இருப்பாளா என்று மட்டும் கேட்டாராம். அக்கா அதற்குப் பிறகும் கடைசிப் பந்தி வரைக்கும் சோறு போட்டிருக்கிறாள்.

மறுநாள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்தாள். ராத்திரி முழுக்க நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன், அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊறவைத்தாள், அரைத்தாள், கலக்கினாள், ‘மாமி மாவு’ ஸ்டிக்கரை ஒட்டினாள். திங்கட்கிழமையாயிற்றே, தன் வீடியோவைப் பற்றிக் கேட்பாளோ என்று பார்த்தேன். அதையும் கேட்கவில்லை. அப்படியே ஒரு வாரம் ஓடியது. அந்த வாரத்தில் ஒரு பாக்கெட்கூடக் குறை சொல்லித் திரும்பி வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை கிரைண்டர் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தாள். ஷெட்டில் மாற்றிக்கொள்ள வைத்திருந்த பழைய சேலையை மடித்துக் கூடையில் வைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை என்றாள். ஏன் என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

“பவா கேக்குறா. ஏம்மா எங்கிட்ட பொய் சொன்னேன்னு.”

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் பதிலாக அவள் பொய்க்காரி ஆகி நின்றாள். அந்த இடத்தில் நான் அவள் காலில் விழுந்திருக்கலாம். மகளுக்குப் போன் போட்டு, உங்கம்மா சொன்னது நிஜம், பொய் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தப்பு நம் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். ஒரு வீடியோவுக்கு இம்புட்டா, நான் தொழிலைப் பார்ப்பதா, உங்கள் ஊர்க்காரிகள் வாயைப் பார்ப்பதா என்று கத்தினேன். ‘உங்கள் ஊர்’ என்றுதான் வாயில் வந்தது. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள்.

இரண்டு ஆள் போட்டு அரைத்தேன். கலக்கியது நான். முதல் வாரமே போன் வர ஆரம்பித்தது. புளிக்கிறது, தோசை சிவக்கவில்லை, இட்லி கல்லாக இருக்கிறது. விளம்பரம் புது ஆட்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தது, வந்தவர்கள் ஒரு பாக்கெட்டோடு போய்க்கொண்டே இருந்தார்கள். வீடியோவில் முகத்தைப் பார்த்தவர்கள் கோயிலில், காய்கறிக் கடையில் ஸ்யாமளா மாமியையே நிறுத்திக் கேட்டார்கள். ஒருநாள் மாமி ஷெட்டுக்குள் வந்து, பாண்டிச்செல்வி எங்கே என்றார். நான் இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் தெருவையும் சொன்னேன். மாமி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? வாடகைக்கு வந்த அன்னிக்கே தெரியும். அவ கூச்சப்படறான்னு என்கிட்ட சொன்னியே, அதுதான் தெரியாம போச்சு.”

தன் வீடியோவை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். நம்மிடம் இருக்கிற வீடியோவைத்தான் எடுக்க முடியும். மற்றவர்கள் போனில் இருப்பதை என்ன செய்வது?

பழைய பெயரில் மறுபடியும் ஸ்டிக்கர் அடித்தேன். அதில் ஒரு ரோலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். அக்காவுக்காகப் போனேனா, மாவுக்காகப் போனேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா நடவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கணுக்காலில் சேறு காயவில்லை. என்னைப் பார்த்ததும் வா என்றாள், தண்ணீர் கொடுத்தாள்.

“மாவு புளிக்குதா?” என்று முதலில் கேட்டது அவள்தான்.

புளிக்கிறது என்றேன். கரண்டியில் கலக்கினாயா, கையிலா என்று கேட்டாள். கையில்தான் என்றேன். அப்படியானால் உப்பைக் கடைசியில் போட்டுப் பார் என்றாள். ஐந்து வருஷமாகக் கேட்டும் சொல்லாததை அவ்வளவு லேசாகச் சொன்னாள். இனி அந்த மாவில் தனக்கு ஒன்றுமில்லை என்பதைப் போல இருந்தது.

நான் ஸ்டிக்கர் ரோலை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பவாவிடம் நான் பேசுகிறேன் என்றேன். உன்னையே வீடியோ எடுக்கிறேன், பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு, காலனித் தெருன்னு சொல்லு, வாங்குகிறவன் வாங்கட்டும், வாங்காதவன் போகட்டும் என்றேன். வகுப்பில் எழுதிக்கொள்ளாமல் விட்ட தைரியம் அப்போதுதான் வந்திருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

அக்கா ரோலைக் கொஞ்சம் பிரித்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“புதுசா எதுக்குடி? அன்னைக்கு எடுத்தியே, அதையே போடேன். சேலையும் நல்ல சேலை.”

இதை இவ்வளவு நேரம் உங்களிடமும் சொல்லாமல்தான் வந்தேன். மாமியை எடுக்கப் போன அன்றைக்கு, போனில் இடமில்லை என்று வந்தது. எதையாவது அழித்தால்தான் எடுக்க முடியும். யார் யாரோ அனுப்பிய காலை வணக்கம் நூறு இருந்தது. ஒரு கல்யாணத்தில் பீமாராவ் ஆடியது இருந்தது. ஃப்ளெக்ஸ் போட்டோ, பஜ்ஜி நோட்டீஸ் போட்டோ எல்லாம் இருந்தது. மாமி பட்டுச் சேலையில் காத்துக்கொண்டு நின்றார். நான் அக்காவுடையதை அழித்தேன். ஒரு நொடி வேலை. அந்தப் பக்கம் அக்கா மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஆடி என்றும் நெட் என்றும் நான் சொன்ன அத்தனை திங்கட்கிழமையும் அது என் போனில் இல்லை.

“அது இல்லக்கா. அழிச்சுட்டேன்.”

“எப்ப?”

“மாமிய எடுத்த அன்னைக்கு.”

அக்கா ரோலைச் சுருட்டினாள். அவள் கத்துவாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். தன் வீடியோவை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடிட் பண்ணிவிட்டுக் காட்டுகிறேன் என்று நான் சொன்னதோடு சரி. அதைப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

“நான் அதுல நல்லா இருந்தேனாடி?”

கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை சிரித்துவிட்டு, மூன்றாம் தடவை கையை மாவில் விட்டபடி அவள் பேசியது எனக்கு அப்படியே நினைவிருந்தது. அவள் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“ரொம்ப நல்லா இருந்தக்கா.”

“நல்லா இருந்தும் அழிச்சுட்ட.”

ரோலை என் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டுக் கால் கழுவ எழுந்து போனாள். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான் என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து சொன்னாள்.